தொண்ணூறு பாகையில் மூன்று

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி, கீரனூர்

நம் ஆண்டு மலரில் இயற்பியல் மாணவர் எவரேனும் எழுதினால் அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோதான் எழுதுவார் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நான் எழுத வந்தது அத்துணைப் பெரிய செய்தியன்று. ஒரு பிற்பகலில் நம் ஆய்வகத்து மைக்ரோ அம்மீட்டரின் முள் 3 என்ற கோட்டில் நின்றது. பாடநூலின்படி அது 0-இல் நின்றிருக்க வேண்டும். நான் அந்த 3-ஐ அழித்துவிட்டு 0 என்று எழுதினேன். என்னுடன் படிக்கும் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். நமக்கு முன் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளே சாட்சி. இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தமிழும் வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சோதனை எளியது. ஒளி ஓர் அலை. கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையை உதறினால் கயிறு மேலும் கீழும் துடிக்கும். பக்கவாட்டில் உதறினால் பக்கவாட்டில் துடிக்கும். விளக்கிலிருந்து வரும் ஒளி எல்லாப் பக்கமும் துடிக்கிறது. அதன் வழியில் போலராய்டு என்னும் மெல்லிய தகட்டை வைத்தால், ஒரு திசைத் துடிப்பு மட்டும் அதைக் கடந்து வரும். அப்படி ஒரே திசையில் துடிக்கும் ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்று நூல்கள் கூறும். ஒளியின் செறிவு இதனால் பாதியாகக் குறையும். மெய்யான தகட்டில் பாதிக்கும் சற்றுக் கீழே. இப்போது இரண்டாவது தகடு ஒன்றை அதன் பின்னே வைத்துச் சுற்றுங்கள். இரண்டு தகடுகளின் அச்சும் ஒன்றாக இருக்கும்போது வெளிச்சம் நிறைந்து வரும். சுற்றச் சுற்ற மங்கும். 90 பாகையில் இருட்டிவிடும். மேலும் சுற்றினால் மறுபடி வெளிச்சம்.

எவ்வளவு சுற்றினால் எவ்வளவு மங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு மாலஸ் விதி என்று பெயர். பாரிஸ் நகரில் 1808-ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்த கதிரவன் ஒளியை ஒரு கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் மாலஸ். அப்படிகம் எதையும் இரண்டு பிம்பமாகக் காட்டும். படிகத்தைத் திருப்பியபோது இரண்டில் ஒன்று மங்குவதையும் மற்றது ஒளிர்வதையும் கண்டார். கண்ணாடியில் பட்டுத் தெறித்த ஒளியும் தளவிளைவு அடைகிறது என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் மதிப்பை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கினால், எத்தனை பங்கு ஒளி எஞ்சும் என்பது கிடைக்கும். 30 பாகையில் முக்கால் பங்கு, 45-இல் அரைப்பங்கு, 60-இல் கால் பங்கு, 90-இல் ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 90 பாகையில் நிற்கும் இரண்டு தகடுகளால் இருட்டாகிவிட்டது அல்லவா? அவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது தகடு ஒன்றை 45 பாகையில் செருகுங்கள். மறைப்பதற்கென்றே செய்த தகடு. அதை மேலும் ஒன்று வைத்தால் இருட்டு கூடத்தானே வேண்டும்? கூடுவதில்லை. வெளிச்சம் வருகிறது! முதல் தகடு பாதியைத் தருகிறது. நடுத்தகடு அதில் பாதியை, துடிப்பைத் தன் திசைக்குத் திருப்பித் தருகிறது. கடைசித் தகடு அதிலும் பாதியைத் தருகிறது. ஆக எட்டில் ஒரு பங்கு. தகடு என்பது சல்லடை அன்று, ஒளியைத் திருத்தி அனுப்புவது என்பதை இதை நேரில் பார்த்த பிறகுதான் நான் உணர்ந்தேன். முதலில் சொன்ன கயிற்று உவமை இதற்கு உதவாது.

இனி அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். நான்கு பேருக்கு ஓர் அமைப்பு. ஒரு குமிழ் விளக்கு, இரண்டு போலராய்டுகள், ஓர் ஒளிமின்கலம், அதனுடன் இணைத்த மைக்ரோ அம்மீட்டர். ‘நோக்கம்: மாலஸ் விதியைச் சரிபார்த்தல்’ என்று நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்கினோம். நான் முள்ளைப் பார்த்துச் சொல்ல, தோழி எழுதினாள். 0 பாகையில் 64. முப்பதில் 49. நாற்பத்தைந்தில் 34. அறுபதில் 18. தொண்ணூறில் 3. தகட்டை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தோம். 3-க்குக் கீழே இறங்க முள் மறுத்துவிட்டது.

வெளியே பேருந்து நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னே முடித்த குழுவின் நோட்டில் 90-க்கு நேரே அழகாக 0 இருந்தது. நாங்களும் 3-ஐ அழித்து 0 என்று எழுதினோம். ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று எண்ணியிருந்தோம். ஆனால் 64-இல் கால் பங்கு 16. எங்களுக்கு வந்ததோ 18. ஆகவே 18 போய் 16 வந்தது. 34 போய் 32 வந்தது. 49 போய் 48 வந்தது. ஐந்து நிமிடத்தில் எங்கள் அட்டவணையில் நாங்கள் கண்ணால் கண்ட எண் 64 ஒன்றுதான் மிஞ்சியது! வரைபடத்தாளில் புள்ளிகளெல்லாம் ஒரே கோட்டில் வந்து அமர்ந்தன. கோடு தொடக்கப் புள்ளி வழியாகத் தவறாமல் சென்றது. ‘மாலஸ் விதி சரிபார்க்கப்பட்டது’ என்று முடிவு எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடித்தோம்.

அன்றிரவு வீட்டில் ரெக்கார்டை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா அருகில் வந்து அமர்ந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் பள்ளி இல்லை. ஆயினும் நான் படிப்பதை எனக்குத் தெரிந்த மட்டும் அவருக்குச் சொல்வது வழக்கம். அன்று தகட்டைப் பற்றியும் முள்ளைப் பற்றியும் சொன்னேன். 3 வந்ததையும் அதை 0 ஆக்கியதையும் ஏதோ ஒரு கெட்டிக்காரத்தனம் போலச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. “ஏன் தாயி, விளக்கு வெளிச்சம் வராதப்பவே மூணு காட்டுச்சுன்னா, எல்லாத்துலயும் அந்த மூணு சேந்துதானே இருக்கும்? கழிச்சுல்ல பாக்கணும்?” என்றார்.

இதை அவர் எந்த நூலில் படித்தார்? கடலை போடும் மண்டியில் படித்தார். ஆண்டுதோறும் எங்கள் கொல்லைக் கடலை மூட்டையைத் தராசில் ஏற்றுமுன் அவர் செய்யும் முதல் வேலை வெறுந்தட்டைப் பார்ப்பது. முள்ளுத் தராசு இருந்த காலத்தில் முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாராம். இப்போது மின்னணுத் தராசு வந்துவிட்டது. அதையும் அவர் விடுவதில்லை. “சைபரைக் காட்டு, அப்புறம் மூட்டையை வை” என்பார். வெறுந்தட்டில் அரைக்கிலோ காட்டும் தராசு ஒவ்வொரு மூட்டைக்கும் அந்த அரைக்கிலோவைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மகள், மூன்று மணி நேரம் இயற்பியல் ஆய்வகத்தில் நின்றுவிட்டு, வெறுந்தட்டு காட்டிய எண்ணை அழித்துவிட்டு வந்திருக்கிறாள்.

கழித்துப் பார்த்தேன். அழித்த எண்கள் பென்சில் தடத்தில் இன்னும் தெரிந்தன. 64, 49, 34, 18, 3. ஒவ்வொன்றிலும் 3 போக, 61, 46, 31, 15, 0. இப்போது 61-இல் முக்கால் பங்கு 45.75, எங்களுக்கு 46. அரைப்பங்கு 30.5, எங்களுக்கு 31. கால் பங்கு 15.25; எங்களுக்கு 15. எல்லாம் அரைப் பிரிவுக்குள் அடங்கிவிட்டன! முள்ளை அதற்கு மேல் நுட்பமாகப் படிக்க எந்தக் கண்ணாலும் முடியாது. அதாவது, நாங்கள் விதியைக் காப்பாற்றுவதாக எண்ணி மாற்றிய எண்கள் விதிக்கு முன்பே உட்பட்டுத்தான் இருந்தன. வரைபடத்தில் கோடு நேராகத்தான் வந்திருக்கும். தொடக்கப் புள்ளி வழியாகப் போகாமல் மூன்று கட்டம் மேலே அச்சை வெட்டியிருக்கும். அவ்வளவே. அந்த மூன்று கட்டமே எங்கள் ஆய்வகத்தைப் பற்றிய செய்தி. அதைத்தான் நாங்கள் அழித்தோம்.

இதென்ன, ஒரு மூன்றுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். இருக்கக் கூடாத இடத்தில் எஞ்சிய சிறு ஒளியை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்களுள் தலையாயவர் பிறந்த ஊர் இங்கிருந்து இரண்டு பேருந்து தூரம்.

சர் சி. வி. இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். அதுவும் நம்முடையதைப் போல அரசுக் கல்லூரிதான். நாம் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் அதே நிறமாலைமானியை வைத்துக்கொண்டு, சாய்ந்து விழும் ஒளி தரும் விளிம்புப் பட்டைகள் இரு பக்கமும் ஒத்திராததைக் கவனித்தார். கவனித்ததை எழுதினார். 1906-இல் அக்கட்டுரை இலண்டன் ஆய்விதழில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 18. இரண்டு பக்கமும் ஒத்திருந்ததாக நோட்டில் எழுதியிருந்தால் அவருக்கும் கையொப்பம் கிடைத்திருக்கும்.

1921-இல் அவர் இங்கிலாந்து சென்று நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பினார். நடுநிலக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்பது அதுவரை பேரறிஞர் ராலே பிரபு போன்றோர் சொல்லி வந்தது. இராமனிடம் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. நம் போலராய்டு தகடு செய்யும் வேலையையே அந்தப் படிகமும் செய்யும். நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகையில் முற்றிலும் தளவிளைவுற்றிருக்கும். அந்தக் கோணத்தில் பட்டகத்தைத் திருப்பி வானத்தின் பிரதிபலிப்பை அடியோடு அணைத்துவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. முன்னிலும் அழுத்தமாக இருந்தது. நீலம் வானத்திலிருந்து கடன் வாங்கியது அன்று, நீரே ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று எழுதினார். கப்பலின் மேல்தளத்தில் செய்த சோதனை இது. சுற்றத் தெரிந்த கையும், கண்டதை அப்படியே சொல்லும் துணிவும் போதுமாயிருந்தன.

இதைப் படித்த பிறகு நானும் செய்து பார்த்தேன். என்னிடம் நிக்கோல் பட்டகம் ஏது? பழுதான கணக்கிடும் கருவி ஒன்றைப் பிரித்தேன். அதன் எண்கள் தெரியும் திரையின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள் ஒரு போலராய்டுதான். மெதுவாக உரித்தால் வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு, மழைக்குப் பின் நிறைந்திருந்த எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் காலையில் நின்றேன். வெறுங்கண்ணுக்குக் குளம் முழுதும் வானத்தின் வெள்ளைப் பளபளப்பு. தாளைக் கண்ணருகே பிடித்துச் சுற்றினேன். ஒரு நிலையில் பளபளப்பு துடைத்தாற்போல் மறைந்தது. கரையோரத்துப் படிக்கட்டின் மூழ்கிய மூன்றாம் படியும், அதன்மேல் படிந்த பாசியும், பாசியை மேய்ந்த கெண்டைக் குஞ்சுகளும் தெரிந்தன. பின்னும் சுற்றினேன், மறைந்தன. துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இத்தனை மீனா கெடக்கு!” என்றார். செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தாளைக் கொண்டு கதிரவனை நேரே பார்க்கக் கூடாது. கண் போய்விடும்.

இனி எஞ்சிய ஒளியின் கதை. கல்கத்தாவில் இராமனுடன் இருந்த கே. ஆர். இராமநாதன் 1923-இல் நீர் சிதறும் ஒளியை ஆய்ந்தார். ஒளி உள்ளே போகும் வழியில் ஊதா வடிகட்டியும், பார்க்கும் வழியில் ஊதாவை அறவே விடாத வடிகட்டியும் வைத்தால் கண்ணுக்கு இருட்டுத்தான் தெரிய வேண்டும். மிக மெல்லிய ஒரு கீற்று தெரிந்தது. நீரில் அழுக்கு இருக்கலாம் என்று கருதினார்கள். அந்த அழுக்கு ஒளிர்கிறது என்று பெயரும் வைத்தார்கள். திரும்பத் திரும்பத் தூய்மை செய்தார்கள். கீற்று போகவில்லை. பின்னர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் நீர்மம் நீர்மமாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அது இருந்தது. 1928-இல் அந்தக் கீற்றை நிக்கோல் பட்டகத்தின் வழியே பார்த்தபோது, பட்டகத்தைத் திருப்பத் திருப்ப அது மங்கியும் ஒளிர்ந்தும் காட்டியது. அழுக்கின் ஒளிர்வு பொதுவாக அப்படிச் செய்யாது. அது தளவிளைவுற்றிருந்தது; ஆகவே இது ஒளிர்வு அன்று, நிறம் மாறிச் சிதறும் ஒளி என்று துணிந்தார்கள். பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலையிலும் கண்டார்கள். 1930-இல் நோபல் பரிசு வந்தது.

அந்த ஐந்தாண்டுகளில் எந்த நாளிலேனும் ஒருவர், “இருட்டாகத்தான் இருக்க வேண்டும், இருட்டு என்றே எழுதிவிடு” என்று சொல்லியிருந்தால்? நாம் 1987 முதல் பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம். கோலம் போடுகிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம். மறுநாள் ஆய்வகத்துக்குப் போய் 3-ஐ அழிக்கிறோம்.

நம் 3-இல் நோபல் பரிசு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நினைத்தால் அது பேதைமை. பெரும்பாலும் அதில் சன்னல் வெளிச்சம்தான் இருக்கும். ஆனால் அது சன்னல் வெளிச்சம் என்பதைக்கூட, எண்ணை வைத்திருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

நாம் ஏன் அழிக்கிறோம்? சோம்பலால் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமன்று. அச்சத்தால் அழிக்கிறோம். செய்முறைத் தேர்வில் வெளித் தேர்வாளர் அட்டவணையைப் பார்ப்பார். எண்கள் பாடநூலோடு ஒத்திருந்தால் மதிப்பெண், ஒத்திராவிட்டால் குறைவு என்று நமக்கு முன் சென்றவர்கள் சொல்லிச் சென்றிருக்கிறார்கள். அது முழு உண்மையா, பாதி உண்மையா என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. என்னைப் போன்று வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு இந்த அச்சம் இரட்டிப்பு. மதிப்பெண் குறைந்தால் மேற்படிப்புக்கு இடம் இல்லை; இடம் இல்லையென்றால் மூன்றாண்டுப் பேருந்துக் கட்டணமும் வீண் என்று கணக்குப் போடும் வீடுகள் எங்கள் வீடுகள். “சார், எனக்கு 3 வந்தது” என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவைத் தர எங்களுக்கு முன் படித்த அண்ணனோ சித்தப்பாவோ வீட்டில் இல்லை.

ஆசிரியப் பெருமக்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அமைப்புகள் சில, மாணவர் பலர், மணி மூன்று. “விதி சரியா என்று கண்டுபிடிக்க நீ வரவில்லை அம்மா, கருவியைக் கையாளக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாய்” என்று ஓர் ஆசிரியர் என்னிடமே சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவியைக் கையாளுதல் என்பதில் அது காட்டுவதைப் படிப்பதும் அடங்கும் அல்லவா? திருகத் தெரிந்து, படித்ததை மாற்றி எழுதவும் தெரிந்தால், நாளை இவர்கள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்திலும், குடிநீர் ஆய்வகத்திலும், சிமெண்ட் ஆலையிலும் வேலைக்குச் செல்லும்போது என்ன எழுதுவார்கள்? இருக்க வேண்டிய எண்ணையா, இருந்த எண்ணையா? எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அத்தகைய வேலைக்குத்தான் போகப் போகிறோம். அங்கே அழிக்கப்படும் 3 யாருடைய இரத்தத்திலோ, யாருடைய தண்ணீரிலோ இருக்கும்.

ஆகவே துறையின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். செலவில்லாதது. ரெக்கார்டில் முடிவு எழுதும் இடத்துக்கு மேலே இரண்டு வரி இடம் விடுவோம். ‘எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாடு; அதற்கு நான் கருதும் காரணம்’ என்று தலைப்பிடுவோம். அந்த இரண்டு வரிக்கு இரண்டு மதிப்பெண் வைக்க வேண்டும். வேறுபாடே இல்லை என்று எழுதுபவரிடம் வாய்மொழித் தேர்வில் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கலாம். இன்னொன்று: சோதனையின் பெயரில் உள்ள ‘சரிபார்த்தல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் நல்லது. விடையைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டுச் சோதனை செய்யச் சொன்னால் கை தானாக அழிப்பானைத் தேடுகிறது. ‘இரு போலராய்டுகள் வழியே செல்லும் ஒளியின் செறிவை அளத்தல்’ என்றால் போதாதா?

இவ்வளவு பேசிவிட்டு நான் என்ன செய்தேன் என்று சொல்லாவிட்டால் முறையாகாது. இரண்டு நாள் ரெக்கார்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் எங்கள் ஆசிரியரிடம் சென்று எண்களை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டை வாங்கிப் பென்சில் தடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேனே அம்மா” என்றார். பிறகு, “சரி, அந்த மூணு எங்கேயிருந்து வருதுன்னு பாரேன்” என்றார்.

மதிய இடைவேளையில் தோழியும் நானும் மறுபடி அமைத்தோம். தகடுகளை 90 பாகையில் வைத்துவிட்டு, விளக்குக்கு முன்னே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி ஒளியை முற்றிலும் மறைத்தோம். முள் 2-இல் நின்றது. விளக்கு ஒளியே இல்லாதபோதும் 2! சன்னலையும் குழல் விளக்கையும் பார்த்தோம். என் கறுப்புத் துப்பட்டாவை இரண்டாக மடித்து, கலத்தையும் தகடுகளையும் சேர்த்துப் போர்த்தினோம். முள் 0-க்குப் போயிற்று. மகிழ்ச்சியோடு அட்டையை எடுத்தோம். 1.

ஆக, 3-இல் 2 அறையின் வெளிச்சம். எஞ்சிய 1 இரண்டு தகடுகளையும் கடந்து வருகிறது. ஆனால் துப்பட்டாவுக்குள் தலையை விட்டுத் தகடுகளின் வழியே விளக்கைப் பார்த்தால் இருட்டாகத்தான் தெரிகிறது. கண்ணுக்கு இருட்டு, கலத்துக்கு வெளிச்சம். இதை ஆசிரியரிடம் சொன்னபோது அவருக்கே ஓர் உற்சாகம் வந்துவிட்டது. போலராய்டு என்பது பாலிவினைல் ஆல்கஹால் தாளை ஒரு பக்கமாக இழுத்து நீட்டி அயோடின் ஏற்றிச் செய்வது என்றும், எட்வின் லேண்ட் என்பவர் முதல் தகட்டுக்குக் காப்புரிமை கேட்டது 1929-இல், ஏறக்குறைய எங்கள் வயதில் என்றும், இந்தத் தாள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் சரியாகத் தடுக்கும், அகச்சிவப்புக் கதிரைப் பெரிதும் விட்டுவிடும் என்றும் கரும்பலகையில் வரைந்து காட்டினார். குமிழ் விளக்கோ வெளிச்சத்தைவிட அகச்சிவப்பைத்தான் மிகுதியாகத் தருகிறது.

அகச்சிவப்பு மிகக் குறைவாக உள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்கை வைத்தால் அந்த 1 போய்விட வேண்டும். போகாவிட்டால் வேறு காரணம். வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆய்வகம் ஒழிவாக இருக்கும் என்று ஆய்வக உதவியாளர் சொல்லியிருக்கிறார். வீட்டு மாடத்தில் இருக்கும் எல்.இ.டி. கைவிளக்கை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். துப்பட்டா இந்த முறை தோழியுடையது. அது இன்னும் தடிப்பு.